கனமில்லாத குடம்

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியில் குடம் அத்தனை தெளிவாகத் தெரிகிறது, எடுக்கப் போனால் கை வெறுங்காற்றில் போகிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். கண்ணை ஏமாற்றுவது எளிது. நொடிக்கு 24 படம் ஓடினால் சினிமா தயார். தோல் அப்படி மசியாது. கெட்டியான சுவரைத் தொட்டதாகக் கை நம்ப வேண்டுமானால், கருவி நொடிக்குச் சுமார் 1000 முறை விசையைக் கணக்கிட்டுத் தர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சுவர் நடுங்கும், அல்லது பிசைந்த மாவாக அமுங்கும்.

1990களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் தாமஸ் மாஸி என்ற மாணவரும் கென்னத் சாலிஸ்பரியும் ‘ஃபாண்டம்’ கருவியைச் செய்தார்கள். மேசைமேல் நிற்கும் சிறு இயந்திரக் கை அது. அதன் நுனியில் விரலை நுழைத்துக்கொண்டால், திரையிலுள்ள பொருளை முட்டும்போது எதிர்த்துத் தள்ளும். 2002 அக்டோபரில், எம்.ஐ.டி.யின் மண்டயம் ஸ்ரீனிவாசன் குழுவும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவும் இத்தகைய கருவிகளை இணையத்தில் கோத்தார்கள். அட்லாண்டிக்கின் இருகரையிலும் இருந்த இரண்டு பேர் ஒரே கனசதுரத்தைச் சேர்ந்து தூக்கினார்கள். ஒருவர் தள்ளுவது மற்றவர் விரலில் தெரிந்தது.

மேசையில் நிற்கும் கருவிக்கு ஊன்றிக்கொள்ள இடம் உண்டு. தொடுவுணர்ச்சி தரும் கையுறைக்கு அது கிடையாது, சிக்கலே இங்கேதான். விரலை மடக்கவிடாமல் இறுக்கி, பொருள் கெட்டி என்று காட்டிவிடும். ஆனால் கை முழுவதையும் தரை நோக்கி இழுக்க அதற்குப் பிடிமானம் ஏது? அமெரிக்காவின் ‘ஹாப்டெக்ஸ்’ நிறுவனம் 2022இல் அறிவித்த கையுறையில், காற்றால் உப்பும் நுண்குமிழ்கள் ஒரு கைக்கு நூற்றுக்கு மேல். நடமாட வேண்டுமானால், அந்தக் காற்றைத் தரும் பெட்டியை முதுகில் சுமக்க வேண்டும். பொய்க் கனத்துக்காக மெய்க் கனம்!

ஜப்பானில் கோட்டா மினாமிசாவா 2007இல் வேறு வழியில் போனார். தண்ணீர் நிறைந்த செம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார். விரல்நுனிச் சதை லேசாகக் கீழே இழுபடும். செம்பு வழுக்கினால், நீ யோசிப்பதற்கு முன்பே, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி தானாக இறுகிவிடும். அந்த இழுபடலை மட்டும் கொடுத்தால் போதாதா? விரல்நுனியில் ஒரு சிறு பட்டை, அதன் இரு முனையிலும் குட்டி மோட்டார்கள். இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் பட்டை விரலை அழுத்தும், ஒரே பக்கம் சுற்றினால் தோலை இழுக்கும். கையில் ஒன்றுமே இல்லை, ஆனால் கனம் தெரியும். இந்தத் துறையிலேயே ஆகச் சாமர்த்தியமான யோசனை இதுதான்.

கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பொருள் நிஜத்திலும் உண்டு. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் ஆதிச்சநல்லூர். 2023இல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில், முதுமக்கள் தாழிகள் குழிக்குள் கிடந்தபடியே இருக்கின்றன. பார்வையாளர் கண்ணாடிக்கு மேலே நின்று பார்க்கலாம். தொட முடியாது, தொடவும் கூடாது. தாழி ஓட்டின் சொரசொரப்பை மட்டுமாவது விரலுக்குக் காட்ட வழி நம் தமிழ்நாட்டிலேயே பிறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வகம் 2022இல் அறிவித்த ‘ஐடாட்’ திரையில் அசையும் பாகம் ஏதுமில்லை. மின்புலத்தை மாற்றி, விரலுக்கும் பரப்புக்கும் நடுவே உராய்வைக் கூட்டிக் குறைக்கிறது. வழவழப்பான திரையில் விளிம்பும் மேடுபள்ளமும் தட்டுப்படுகின்றன. தாழியின் கனத்துக்கு இது உதவாது.

இதையெல்லாம் செய்து பார்க்கக் கடைக்கு ஓடி மோட்டார் வாங்க வேண்டாம். முதலில் ஒரு கொண்டை ஊசியை எடுத்து, இரு முனையையும் ஒரு சென்டிமீட்டர் விரித்துக்கொள். தங்கச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, அவள் விரல்நுனியில் மெல்ல வை. இரண்டு புள்ளி என்பாள். முன்கையில் வை, பெரும்பாலும் ஒன்று என்பாள். கொரியாவின் ‘பிஹாப்டிக்ஸ்’ நிறுவனம் செய்த ஒரு வி.ஆர். விளையாட்டுச் சட்டைக்கு, மார்பு முதுகு எல்லாம் சேர்த்து 40 மோட்டார் போதுமானதாக இருந்ததும், ஒரு கைக்கு நூறும் பற்றாமல் போவதும் இதனால்தான். முதுகில் எத்தனை சென்டிமீட்டர் விரித்தால் இரண்டாகத் தெரிகிறது என்று அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா