பழைய சரக்கு வண்டிக்குப் புது டயர்: வாங்குமுன் ஒரு பாடம்



துவரம்பருப்பு மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாலே அது எந்தத் தரம் என்று சொல்லிவிடுகிறவர்கள் நாம். தேதி பார்க்காமல் ஒரு பிஸ்கட் பெட்டியைக்கூட இறக்க மாட்டோம். ஆனால், அந்தச் சரக்கையெல்லாம் மண்டியிலிருந்து கடைக்குக் கொண்டுவரும் வண்டியின் டயர் விஷயத்தில் மட்டும், "ஏதாவது பார்த்துப் போட்டுக்கொண்டு வா தம்பி" என்று டிரைவரிடம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

எங்கள் கடையில் ஓடுவது ஒரு பழைய குட்டி யானை. பின் டயர்கள் இரண்டும் மொட்டையாகிவிட்டன. அளவு சரியாக இருக்கிறது, விலையும் குறைவு என்று ஒரு கடையில் இரண்டு டயர் வாங்கிப் போட்டோம். நான்கு மாதம் ஓடியது. ஒரு மதியம், அரிசி மூட்டையோடு புறவழிச் சாலையில் வரும்போது பின் டயர் ஒன்று வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. டிரைவர் தம்பிக்குத் தோள்பட்டையில் அடி. ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை. அவர் உயிர் பிழைத்தது தெய்வாதீனம். வெடித்த டயரில் பட்டன் பாதிக்குமேல் இருந்தது. பின் ஏன் வெடித்தது? அதைத் தெரிந்துகொள்ளப் போய் நாங்கள் கற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1. பழைய டயரைப் படியுங்கள்

கழற்றிய டயரை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது வண்டியின் கணக்குப் புத்தகம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறோம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் சரியில்லை. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும்.

பத்து வருடம் ஓடிய வண்டியில் இந்தக் குறைகளில் ஒன்றாவது இருக்கும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது, எலி ஓட்டையை அடைக்காமல் புது மூட்டையை அடுக்குவது போலத்தான்.

எப்போது மாற்றுவது? டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் சிறு முக்கோணம் அல்லது டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகள் அவை இருக்கும் இடத்தைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மீதி ஆழம் 1.6 மில்லி மீட்டர்தான். மோட்டார் வாகன விதியும் நான்கு சக்கர வண்டிக்கு அதற்குக் குறையக் கூடாது என்கிறது. மழைக்காலம் நெருங்கினால் அதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றிவிடுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறி, ரப்பர் ரோட்டைப் பிடிக்கும்.

2. அளவு மட்டும் போதாது, பாரத்தையும் பாருங்கள்

நாங்கள் ஏமாந்த இடம் இதுதான்.

எங்கள் வண்டிக்குரிய டயரில் "145 ஆர் 12 எல்.டி., 8 பி.ஆர்." என்று இருக்கும். 145 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்றால் இலகு ரகச் சரக்கு வண்டிக்கானது. 8 பி.ஆர். என்பது டயரின் பலத்தைக் குறிக்கும் தர எண். சிறிய கார்களுக்கு வரும் டயரில் "145/80 ஆர் 12" என்று இருக்கும். அகலமும் அதேதான், ரிம்மும் அதேதான். மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். எங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கப்பட்டது அந்தக் கார் டயர்.

வித்தியாசம் எங்கே தெரியும்? அளவுக்குப் பக்கத்தில் பார எண் ஒன்று அச்சாகியிருக்கும். அந்தக் கார் டயரில் அது பெரும்பாலும் 74. அதாவது ஒரு டயர் அதிகபட்சம் 375 கிலோ தாங்கும். 8 பி.ஆர். சரக்கு டயரில் 86 என்று இருக்கும்; அது 530 கிலோ. இடையில் 75 என்றால் 387 கிலோ, 80 என்றால் 450 கிலோ. எண்ணில் சின்ன வித்தியாசம்தான். எடையில் ஒரு டயருக்கு 155 கிலோ, அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஆறு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்கோடு சேர்த்து வண்டியின் பின்பக்கத்தில் 950 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பின் டயருக்கு 475 கிலோ. 530 கிலோ தாங்கும் டயருக்கு இது ஒரு பொருட்டல்ல. 375 கிலோ தாங்கும் டயருக்கோ நூறு கிலோ அதிகம். பாரம் மிஞ்சும்போது டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடாகிறது. உள்ளே அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. வெளியே பட்டன் அழகாகத்தான் இருக்கும். ஒருநாள் வெயிலில் வெடித்துவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

வண்டி எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். டிரைவர், உதவியாளர் எடையும் அதில்தான் அடங்கும். நல்ல டயர் போட்டுவிட்டோம் என்று அதற்குமேல் ஏற்றக் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அந்த ஒரு நடைக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

3. பிறந்த தேதி

ரப்பரும் நாள்படக் கெடும் சரக்குதான். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் வருடம். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் தயாரானது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், தொடவே வேண்டாம். சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். காணவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள்.

ஐந்து வருடம் ஓடியபின் ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது தயாரிப்பாளர் பலரும் சொல்லும் கணக்கு. ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். வெளியே எடுக்காமலே வைத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். புதுசு என்று தரும் டயரும் கடையில் மூன்று, நான்கு வருடம் கிடந்ததாக இருக்கலாம். நம்மிடம் வரும் வாடிக்கையாளர் தேதி பார்ப்பதைப் போல நாமும் பார்ப்பதில் கூச்சம் எதற்கு? கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நைலானா, ரேடியலா?

நைலான் டயர் ஓடிய பழைய வண்டிகள் இன்னும் சிலரிடம் உண்டு. அம்பாசடரில் 5.90-15 என்றும், பத்மினியில் 5.20-14 என்றும் இருக்குமே, அவை அங்குலக் கணக்கில் வரும் பழைய அளவுகள். ரேடியலுக்கு மாறுவதானால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் கூடவே கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

"அதே அளவு இல்லை, ஒரு அளவு பெரியது போடுங்கள்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 145/80க்குப் பதில் 155/80 போட்டால் டயரின் உயரம் 537 மில்லி மீட்டரிலிருந்து 553 ஆகிறது. 3 சதவீதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். பாரம் ஏற்றினால் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெரிதாகப் போட்டாலும் பார எண் குறையக் கூடாது என்பதே முதல் விதி.

5. பழைய டயர் லாபமா?

ஒரு கிலோ மீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். புது டயர் 4,000 ரூபாய்க்கு வாங்கி 40,000 கிலோ மீட்டர் ஓடினால், கிலோ மீட்டருக்கு 10 காசு. பழைய டயர் 1,800 ரூபாய்க்கு வாங்கி 12,000 கிலோ மீட்டர் ஓடினால் 15 காசு. கழற்றி மாட்டும் கூலியும், வண்டி நின்ற நாளின் நஷ்டமும் தனி. விலையை மட்டும் பார்க்கிறவருக்கு 1,800 மலிவு. கணக்குப் பார்க்கிறவருக்கு 4,000தான் மலிவு.

பழைய டயரில் இன்னொரு மோசடியும் உண்டு. மொட்டை டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு நிறுத்திவிடுவார்கள். பள்ளத்துக்குள் இருக்க வேண்டிய குறுக்கு மேடுகள் அறுபட்டிருந்தால் அது வெட்டிய டயர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். தயாரிப்புக் குறைக்கு மாற்றுக் கேட்க அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய டயர்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வழக்கமான முறையில் வரி கட்டும் வணிகர், வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டியின் டயருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

6. மாட்டும்போது

இரண்டு டயர்தான் வாங்க முடிகிறதா? அவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால் போடுவதே வழக்கம் என்பார்கள். ஆனால், ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பாரம் விழுவதும் பின்னால்தான்.

டியூப் டயர் என்றால் டியூபையும் புதிதாகப் போடுங்கள். நீண்டு தளர்ந்த பழைய டியூப் உள்ளே மடிந்து அறுந்துவிடும். டியூப்லெஸ் என்றால் வால்வு புதியதாக இருக்கட்டும். ரிம்மில் துருவும் நெளிவும் இருந்தால் காற்று நிற்காது. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஐம்பது, நூறு கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

காற்று எத்தனை பவுண்டு என்பது கதவோரச் சீட்டிலோ, வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும், வெற்று வண்டிக்கும் பார வண்டிக்கும் அளவு வேறுபடும். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஒரு வார்த்தை: தள்ளுபடியில் கிடைத்தது என்று கூடுதலாக வாங்கிய டயரைக் குடோனில் எண்ணெய் டின் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். ரப்பர் வாசனை அரிசியையும் தேயிலையையும் கெடுக்கும்.

நினைவில் வைக்க

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: அளவு, பார எண், தயாரான வாரமும் வருடமும், ஐ.எஸ்.ஐ. முத்திரை, பில். ஐந்துக்கும் பதில் சரியாக இருந்தால் மட்டும் பணத்தை எண்ணுங்கள். முடிந்தால் நீங்களே நேரில் போங்கள். முடியாவிட்டால் சீட்டை டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

எங்கள் டிரைவர் தம்பி இப்போது வேலைக்கு வந்துவிட்டார். அன்று டயரில் நாங்கள் மிச்சம் பிடித்தது இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. அதற்காக ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியிருப்போம் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. சரக்கு நஷ்டமானால் அடுத்த சந்தையில் ஈடுகட்டலாம். நம்மை நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவரின் உயிருக்கு ஈடு ஏது?