வீடு விற்பவருக்கு ஒரு பாடம்: முன்பணமும் கெடுவும்

பயிர் நிற்கும்போதே தோட்டத்துக்கு வந்து விலை பேசி, சிறிது முன்பணம் கொடுத்துச் செல்லும் வியாபாரியை நம் விவசாய அங்கத்தினர் அனைவரும் அறிவர். சந்தை ஏறினால் அவர் விடியுமுன் வண்டியோடு வந்து நிற்பார். சந்தை இறங்கினாலோ, அறுவடை நாள் கடந்தும் அவரைக் காண இயலாது. மஞ்சளோ வாழையோ ஆயின் நட்டம் ஒரு போகத்தோடு நின்றுவிடும். அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். வீட்டை விலை பேசியவர் இவ்வாறு மறைந்தால் என் செய்வது? வீடு என்பது பெரும்பாலான குடும்பங்களில் வாழ்நாளில் ஒரு முறையே விற்கப்படும் பொருள். அதில் நேரும் தவற்றுக்கு அடுத்த போகம் இல்லை. ஆதலின், சொன்ன சொல்லில் நில்லாத வாங்குவோரிடமிருந்து வீடு விற்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு குடும்பத்தின் நிலை

குழித்தறி இரண்டு கொண்ட வீட்டை உடைய நெசவாளர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டனர். ஒரு தறி ஓய்ந்துவிட்டது. பெரிய வீட்டை விற்று, கடனை அடைத்து, சிறு வீடு ஒன்றை வாங்கி அமைதியாக இருக்க அவர் விரும்புகிறார். ஒருவர் வந்து 30 இலட்சம் ரூபாய்க்கு விலை பேசி, 1 இலட்சம் முன்பணம் தருகிறார். ஒப்பந்தத் தாளில் விலை இருக்கிறது, முன்பணம் இருக்கிறது, முடிக்க வேண்டிய தேதி இல்லை. “மூன்று மாதத்தில் முடித்துக்கொள்வோம்” என்பது வாய்ச் சொல். அச்சொல்லை நம்பி நெசவாளர் தாம் வாங்க நினைத்த சிறு வீட்டுக்கு 2 இலட்சம் முன்பணம் கட்டிவிடுகிறார்.

மூன்று மாதம் சென்றது. வங்கிக் கடன் வரவில்லை என்றார் வாங்குபவர். பின்னர், ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் பதிவு செய்வோம் என்றார். ஆவணியில் அவருடைய மைத்துனர் ஊரில் இல்லை. இடையில் முழுத் தொகையுடன் வேறொருவர் வந்து கேட்டார். கொடுத்த வாக்கை மீறலாகாது என்று நெசவாளர் அவரைத் திருப்பி அனுப்பினார். ஏழாம் மாதம் வாங்குபவர் வந்து, “சுவரில் ஓதம் இருக்கிறது, 27 இலட்சம் என்றால் நாளையே முடித்துவிடலாம்” என்றார். அதற்குள் சிறு வீட்டின் உரிமையாளர் நெசவாளரை நெருக்கத் தொடங்கிவிட்டார். வாங்குபவர் சொல் தவறியதால் விற்பவரும் மற்றோரிடத்தில் சொல் தவறியவராக நிற்கிறார். இரண்டு இலட்சத்தைக் காப்பாற்ற மூன்று இலட்சத்தை இழக்க வேண்டிய நிலை.

இவர் பிழை செய்த இடம் எது? விலையில் அன்று, பிறரை நம்பியதிலும் அன்று. கெடுவை எழுதாமல் விட்டதே பிழை. முன்பணம் கையில் இருக்கிறது, வீடு எங்கே போகும் என்று அவர் எண்ணினார். உண்மையில் அச்சிறு தொகை வாங்குபவரைக் கட்டவில்லை, விற்பவரையே கட்டிவிட்டது.

மதுரை வீட்டு வழக்கு

இது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு, 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று சான்று. மதுரை நகரத்து வீடு ஒன்றுக்கு 1978 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. விலை 60,000 ரூபாய், முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். கெடு கடந்தும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் வாங்குபவர் வாளாவிருந்தார். 1981-இல் அறிவிப்பு அனுப்பி, பழைய விலைக்கே வீட்டைத் தருமாறு வழக்குத் தொடுத்தார். இதற்குள் மதுரையில் வீட்டு விலை ஏறிவிட்டது. உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைத் தர மறுத்தது. ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குப் பொருள் உண்டு. சிறு தொகையைக் கொடுத்துவிட்டு நெடுங்காலம் சும்மா இருந்தவருக்கு, விலை ஏறிய பின்பு பழைய விலைக்கு விற்கச் சொல்வது நியாயம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

விற்பவர் வென்றார் என்று மகிழலாம். ஆனால் தீர்ப்பு வந்தபோது ஒப்பந்தம் எழுதிப் 18 ஆண்டுகள் கடந்திருந்தன. ஐயாயிரம் ரூபாய் ஒரு வீட்டை இத்தனை ஆண்டுகள் வழக்கில் நிறுத்திவைத்தது. அவ்வழக்கில் ஆறு மாதம் என்ற கெடு தாளில் எழுதப்பட்டிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அதுவே விற்பவருக்குத் துணை நின்றது.

சட்டம் சொல்வது

1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்கிட மூன்று ஆண்டுகள் உண்டு. தேதி குறித்திருந்தால் அத்தேதியிலிருந்து காலம் எண்ணப்படும். தேதி குறிக்காவிடில், விற்பவர் மறுத்துவிட்டார் என்பதை வாங்குபவர் அறிந்த நாளிலிருந்தே எண்ணப்படும். அதாவது, தேதியில்லா ஒப்பந்தத்தை எழுதிவிட்டு விற்பவரும் பேசாதிருந்தால், அம்மூன்று ஆண்டுக் கணக்கு தொடங்குவதே இல்லை.

1963-இலேயே இயற்றப்பட்ட குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. முன்பு, ஒப்பந்தப்படி வீட்டைக் கொடுக்க ஆணையிடுவது பெரிதும் நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. திருத்தத்துக்குப் பின் அவ்விருப்புரிமை சுருங்கிவிட்டது. எனினும், தாம் பணத்தோடு ஆயத்தமாகவும் மனம் ஒப்பியும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி இன்றும் நிலைத்திருக்கிறது. ஆதலின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் விற்பவர் முன்னினும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. பதிவு செய்யாத தாள் செல்லாத தாள், அதனால் தமக்குத் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், பதிவு செய்யாத ஒப்பந்தத்தையும் அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு செய்த ஒப்பந்தமோ வில்லங்கச் சான்றில் ஏறி நிற்கும். வாங்குபவர் மறைந்துவிட்டாலும் அப்பதிவு மறையாது. அடுத்து வருபவர் அதைக் கண்டு தயங்குவார்.

ஒப்பந்தம் எழுதும் முறை

சங்கத்தில் நூல் வாங்கும்போது எடை போட்டுப் பாசு புத்தகத்தில் எழுதிக்கொள்கிறோம். ஒரு கட்டு நூலுக்குக் காட்டும் கருத்தை வீட்டுக்குக் காட்ட வேண்டாமா? பின்வருவனவற்றை எழுத்தில் கொள்க.

முதலாவது, கிரயம் முடிக்க வேண்டிய நாளை ஆண்டு, மாதம், தேதியோடு எழுதுக. வீடு, நிலம் விற்பனையில் காலம் அத்துணை இன்றியமையாதது அன்று என்றே நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும். ஆகவே, கெடு இவ்வொப்பந்தத்துக்கு இன்றியமையாதது என்றும், ஏன் அவ்வாறு என்றும் எழுதுக. நம் நெசவாளர், “இத்தேதிக்குள் நான் வேறு வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருத்தலின்” என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இரண்டாவது, வாங்குபவர் பணம் திரட்டும் வழியைக் கேட்டறிக. வங்கிக் கடன் என்றால், கடன் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டிய தேதியையும் குறித்துவிடுக. கடன் கிடைக்காவிடில் முன்பணம் என்னாகும் என்பதையும் அப்போதே எழுதுக. பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட ஒன்றே பின்னர் பேச முடியாததாகும்.

மூன்றாவது, முன்பணத்தில் எவ்வளவு பிணைத்தொகை, எவ்வளவு விலையின் பகுதி என்பதைப் பிரித்து எழுதுக. வாங்குபவர் தவறினால் கொடுத்தது அனைத்தும் நமக்கே என்று எண்ணுதல் கூடாது. தில்லியில் ஒரு பங்களா விற்பனை பற்றிய வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அங்கே விற்பவர் பெற்றிருந்தது 25,000 ரூபாய். அதில் பிணையாகக் கொடுத்த 1,000 ரூபாயை அவர் வைத்துக்கொள்ளலாம். விலையின் பகுதியாகப் பெற்ற 24,000 ரூபாயை நட்டம் மெய்ப்பிக்காமல் வைத்துக்கொள்ளலாகாது என்பது தீர்ப்பு.

நான்காவது, முன்பணத்தை வங்கி வழியே பெறுக. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ஆன முன்பணத்தை ரொக்கமாகப் பெறுதல் வருமான வரிச் சட்டத்தால் 2015 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் பெற்ற தொகை அளவுக்கே தண்டம் விதிக்க இடமுண்டு.

ஐந்தாவது, ஒப்பந்தம் முறிந்தால் வாங்குபவர் சார்பதிவகத்துக்கு வந்து ரத்துப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும் என்று எழுதுக. திருப்பித் தர வேண்டிய தொகை இருந்தால் அதை முன்னதாகக் கொடுத்துவிடலாகாது. ரத்துப் பத்திரம் பதிவாகும் அந்நாளிலேயே, அவ்விடத்திலேயே கொடுக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டபின் கையொப்பமிட வராதவரைத் தேடி அலைவது பெருந்துன்பம்.

சாவியும் கிரயப் பத்திரமும்

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்கிறோம், சாவியை மட்டும் கொடுங்கள் என்று கேட்போர் உண்டு. முழுத் தொகையும் பெறுமுன் வீட்டை ஒப்படைத்தல் ஆகாது. பதிவு செய்த ஒப்பந்தத்தோடு உள்ளே குடியேறியவர், ஒப்பந்தப்படி நடக்க ஆயத்தமாயிருப்பின், அந்த அனுபவத்தைக் காத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் அவருக்கு இடமளிக்கிறது.

பின்தேதியிட்ட காசோலைகளை நம்பிக் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிடுதல் அதனினும் கொடிது. சூரத்தில் விவசாய நிலம் விற்ற குடும்பம் ஒன்றின் வழக்கு 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 2009-இல் பதிவான பத்திரத்தில் 1,74,02,000 ரூபாய் 36 காசோலைகளாகக் கொடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது. கைக்கு வந்தது 40,000 ரூபாயே என்பது விற்றவர்கள் வாதம். விலையில் ஒரு பகுதி வரவில்லை என்பதற்காகப் பதிவான கிரயத்தை ரத்துச் செய்ய இயலாது. வர வேண்டிய பணத்துக்கே வழக்கிடலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. அவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தொடுத்த வழக்கும் காலங் கடந்தது என்று தள்ளப்பட்டது. பணம் நம் கணக்கில் வரவாகிவிட்டது என்று வங்கியில் உறுதி செய்துகொண்ட பின்னரே சார்பதிவாளர் முன் கை வைக்க வேண்டும்.

கெடு கடந்த மறுநாள்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அப்போதே முடிச்சிடுவார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிச் சென்றால் துணி முழுதும் கெடும். கெடுவும் அத்தகையதே. கெடு கடந்த மறுநாளே கடிதம் எழுதுக. நாம் பத்திரம் முடிக்க ஆயத்தமாயிருக்கிறோம், தாங்கள் வரவில்லை, இன்ன தேதிக்குள் வாராவிடில் ஒப்பந்தம் முறிந்ததாகும் என்று மரியாதையோடு எழுதி, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும் அஞ்சலில் அனுப்புக. தேதியைத் தள்ளிவைக்க மனம் ஒப்பினால், புதிய தேதியை எழுதி இருவரும் கையொப்பமிடுக. பேசாமல் தள்ளிக்கொண்டே சென்றால், கெடுவை நாமே கைவிட்டோம் என்று பின்னர் சொல்ல நேரும்.

இவ்வாறு எழுதும் உரிமை நமக்கு வர வேண்டுமாயின் நம் பக்கமும் நேராக இருத்தல் வேண்டும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியன எடுத்துவைத்திருக்க வேண்டும். வீட்டின்மேல் சங்கத்திலோ வங்கியிலோ கடன் இருந்தால் அதை மறையாமல் கூறி, தீர்க்கும் வழியையும் எழுத வேண்டும். வாங்குபவர் எல்லோரும் வஞ்சகர் அல்லர். சிலர் மெய்யாகவே கடன் கிடைக்காமல் தவிப்பர். கெடு எழுதிய ஒப்பந்தம் அவருக்கும் நன்மையே. எந்நாள் வரை தமக்கு இடமுண்டு என்பதை அவரும் தெளிவாக அறிவார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. நம்பிக்கையையும் தேதியிட்டு வைப்பதே அறிவுடைமை. முன்பணம் எவ்வளவு என்று கேட்கும் முன், எந்நாளில் முடிப்பீர் என்று கேட்க நம் அங்கத்தினர் பழகுவாராக. ஒப்பந்தத்தை எழுதுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுதல் நலம். அதற்காகும் செலவு, அந்நெசவாளர் இழக்க நேர்ந்த மூன்று இலட்சத்தின் முன் மிகச் சிறிது.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. மேலே கண்ட நெசவாளர், முழுத் தொகையுடன் வந்த இரண்டாமவரைத் திருப்பி அனுப்புமுன் செய்திருக்க வேண்டியது யாது?

2. தேதி குறித்த ஒப்பந்தத்துக்கும் தேதி குறிக்காத ஒப்பந்தத்துக்கும் மூன்று ஆண்டுக் கணக்கில் உள்ள வேற்றுமை யாது?

3. பிணைத்தொகை, விலையின் பகுதி ஆகியவற்றைப் பிரித்து எழுதுவதன் பயன் யாது?

4. கெடு கடந்த மறுநாள் வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுதிக் கொணர்ந்து கூட்டத்தில் படித்துக் காட்டுக.