அந்த நடையை இரண்டு தடவை நடந்தவர்

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை மேட்சில் உன் காலில் இருந்து பறிபோன பந்து கோலானதையும், கோட்டோரம் நின்றவர்கள் போட்ட கூச்சலையும் நானும் பார்த்தேன். 'இனி மைதானத்துப் பக்கமே போக மாட்டேன்' என்று அம்மாவிடம் சொன்னாயாம். நேரில் பேசினால் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சுவிட்சர்லாந்தின் கிரானிட் ஜாக்காவை உனக்குத் தெரிந்திருக்கும். 2019 செப்டம்பரில் ஆர்சனல் அணியின் கேப்டன் ஆனார். சரியாக ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 27ஆம் தேதி, கிரிஸ்டல் பேலஸுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம். 2-0 என்ற முன்னிலை 2-2 ஆகிவிட்டது. அறுபது நிமிடம் தாண்டியதும் அவரை வெளியே எடுக்க, அவருடைய எண்ணைப் பலகையில் காட்டினார்கள். அரங்கமே கைதட்டியது, அவர் வெளியே போகிறார் என்ற மகிழ்ச்சியில்! அவர் மெதுவாக நடந்தார். கூச்சல் கூடியது. 'இன்னும் கத்துங்கள்' என்பதுபோல் காதருகே கையைக் குவித்தார், சட்டையைக் கழற்றினார், பெஞ்சில் உட்காராமல் நேரே உள்ளே போய்விட்டார். சில நாட்களில் கேப்டன் பதவியும் போயிற்று.

சட்டையைக் கழற்றியது தப்பு. அதற்காக, அவருடைய மனைவியையும் பச்சைக் குழந்தையையும் பற்றி இணையத்தில் எழுதப்பட்டவற்றை எந்தத் தோல்வியாலும் நியாயப்படுத்த முடியாது. அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

பெர்லினில் உள்ள ஹெர்த்தா அணிக்குப் போக அவர் பெட்டி கட்டிவிட்டார். அந்த டிசம்பரில் ஆர்சனலின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற மிகெல் அர்டேட்டா உட்கார வைத்துப் பேசினார், ஜாக்கா தங்கிவிட்டார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. அடுத்த ஆண்டு டிசம்பரில் பர்ன்லி வீரரின் கழுத்தைப் பிடித்துச் சிவப்பு அட்டை வாங்கினார். 2021 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக இன்னொன்று.

இனி வருவதை நிதானமாகப் படி. ஜாக்காவின் சொத்து அவருடைய இடது கால். நாற்பது கஜத்துக்கு அப்பால் ஓடுகிறவனின் காலடியில் பந்தை வைப்பார். ஆனால் திரும்புவதில் கொஞ்சம் மந்தம். தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கும் இடத்தில் அவரை நிறுத்தினால், எதிராளி முதுகில் வந்து விழுவான்; பந்து போகும்; துரத்திப்போய்க் காலை நீட்டுவார்; அது ஃபவுல், அப்புறம் அட்டை. இது முழுக்கக் குணத்தின் கோளாறு என்று பேசினார்கள். பாதிக்கு மேல் அது நின்ற இடத்தின் கோளாறு என்பேன்.

2022இல் ஆர்சனலுக்கு ஜின்சென்கோ வந்தார். இடது பேக்கான அவர் உள்ளே நகர்ந்து, நடுக்கள வீரர் தாமஸ் பார்ட்டேயின் பக்கத்தில் நின்று பந்தை வாங்கிக்கொண்டார். அந்தச் சுமை இறங்கியதும் ஜாக்கா முன்னே போனார். இடது ஓரத்தில் ஆடிய மார்ட்டினெல்லி தன் பக்கத்து எதிரணித் தடுப்பாளரை வெளியே இழுக்கும் போதெல்லாம், உள்ளே திறக்கும் சந்தில் ஓடி நுழைந்தார். முந்தைய சீசனில் லீகில் ஒரே கோல் அடித்தவர், அந்த சீசனில் 7 அடித்தார். கால் அதேதான்; நின்ற இடம்தான் வேறு.

2023 மே 28, வுல்வ்ஸுடன், ஆர்சனலுக்காக அவருடைய கடைசி ஆட்டம். கால் மணி நேரத்துக்குள் அவரே இரண்டு கோல் அடித்தார். பிறகு பலகையில் மறுபடி அவருடைய எண். அதே புல், அதே கோடு. இந்தத் தடவை அரங்கம் எழுந்து நின்று, போகாதே என்று பாடியது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். மறு ஆண்டே, சாபி அலோன்சோ பயிற்றுவித்த லெவர்குசன் அணியில், ஒரு தோல்வியும் இல்லாமல் பண்டஸ்லீகா பட்டம். ஜெர்மன் கோப்பையின் இறுதியாட்டத்தில் விழுந்த ஒரே கோலும் அவர் அடித்தது.

சனிக்கிழமை நீ பந்தைப் பறிகொடுத்த மூன்று தடவையும் உன் முதுகு எதிரணிப் பக்கம்தான் இருந்தது. பந்து வருவதற்கு முன் ஒரு தடவைகூட நீ தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் இடது பக்கம் போய் நின்ற பத்து நிமிடத்தில் உன்னை யாராலும் நெருங்க முடியவில்லை, கவனித்தாயா? இதைக் கோச்சிடம் நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன். நான் பாஸ் போடுகிறேன். பந்து என் காலை விட்டுக் கிளம்பும் முன் நீ திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஷூவை மட்டும் மறக்காதே.

அன்புடன்,
மாமா