கருப்பொருளில் தொடங்குவோம்: நடுநிலை வகுப்புகளில் படைப்பெழுத்துப் பயிற்சி

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் தமிழ் கற்பிப்போர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. ‘மழைக்காலம்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரையச் சொன்னால், நாற்பது ஏடுகளிலும் ஒரே திருக்குறள் முதலில் நிற்கும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை ஆகியன முறையாக அமைந்திருக்கும். உழவர் மகிழ்வர், மயில் தோகை விரிக்கும், தவளை கத்தும். ஆனால் அந்த நாற்பது பேரில் ஒருவர் வீட்டிலும் மழை பெய்திராது.

இவ்வகைக் கட்டுரை தேர்வுக்கு உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. கருத்துகளைக் கோவைப்படுத்தும் பயிற்சி வேண்டியதே. அதனையே படைப்பு என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் குறை உள்ளது.

பல ஆண்டுகளுக்கு முன் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பிற்குத் தமிழ் கற்பித்தபோது, ஒரு மாணவன் இதே தலைப்பில் வேறுவகையாக எழுதியிருந்தான். ஓட்டு வீட்டில் எந்த ஒழுக்கின் கீழ் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பதைத் தன் தாய் முன்னரே அறிந்திருப்பதையும், குண்டானில் சொட்டும் ஓசை வேறு, தகர வாளியில் சொட்டும் ஓசை வேறு என்பதையும், பாத்திரங்கள் போதாமற் போன ஓர் இரவில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டே தான் உறங்கியதையும் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தான். முன்னுரை இல்லை. லகர, ழகர, ளகர மயக்கங்கள் மலிந்திருந்தன. பதினோரு இடங்களைச் சிவப்பு மையால் சுழித்துப் பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். அடுத்த முறை அவனும் உரைநூலைப் பார்த்து எழுதினான். ஏழு மதிப்பெண் பெற்றான். பெரிய பிழையைச் செய்தவன் நானே என்பது புரிய எனக்கு நெடுநாள் ஆயிற்று.

உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1859ஆம் ஆண்டில் யாஸ்னயா போல்யானாவிலிருந்த தம் பண்ணையில் உழவர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி நடத்தலானார். 1862இல் அப்பட்டறிவைக் கட்டுரையாக எழுதினார். எழுதும் கலையை உழவர் பிள்ளைகள் நம்மிடம் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்னும் வினாவே அக்கட்டுரையின் தலைப்பு. பழமொழி ஒன்றைக் கொடுத்துக் கதை எழுதுமாறு அவர் கூறியபோது பிள்ளைகள் தயங்கினர். உடனே அவர் தாமே எழுத அமர்ந்தார். பிள்ளைகள் அவர் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டு குறுக்கிடலாயினர். இவ்வாறன்று, அவ்வாறு என்று திருத்தினர். கதையில் வரும் ஓர் ஆடவன் பெண்ணின் மேலங்கியை அணிந்துகொண்டதாக எழுத வேண்டும் என்றான் ஒரு சிறுவன். பெண்ணின் அங்கி எதற்கு என்று டால்ஸ்டாய் முதலில் வியந்தார். அந்த ஒரு சொல்லால் அம்மனிதன் முழு உருவத்தோடு கண்முன் நிற்பதைப் பின்னரே உணர்ந்தார். பிள்ளைகளின் படைப்பைப் பார்க்கும்போது கையெழுத்து, தூய்மை, எழுத்துப்பிழை ஆகியன பற்றி வாய் திறவாதிருக்க வேண்டும் என்பதும், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் எழுதியவற்றையே படிக்கத் தர வேண்டும் என்பதும் அக்கட்டுரையின் முடிவில் அவர் கூறும் அறிவுரைகளுள் அடங்கும்.

இந்நெறி நமக்கும் அயலானதன்று. தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். மூன்றனுள் உரியே சிறந்தது என்பர். ஆயினும் சங்கப் புலவர் பலர் அதனை வெளிப்படக் கூறாமல் கருவின் வழியே உணர்த்தினர். நம் வகுப்பறைக் கட்டுரையோ, ‘மழை மகிழ்ச்சி தரும்’ என்று உரியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆதலின் ஏழாம் வகுப்பு மாணவனிடம் முதலில் கருவைக் கேட்போம். உன் தெருவில் விடியற்காலையில் கேட்கும் ஓசைகள் யாவை? பாங்கொலியா, பால்காரரின் மணியா, குழாயடியில் குடங்கள் மோதும் ஓசையா? உன் வீட்டில் பீடித் தட்டு எங்கே இருக்கும்? நோன்புக் கஞ்சி வாங்கச் செல்லும்போது எந்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்வாய்? இவ்வாறு ஐந்து பொருள்களை மட்டும் எழுதட்டும். பின்னர்ப் பொழுதைச் சேர்க்கட்டும். அழகு, மகிழ்ச்சி, துன்பம் ஆகிய சொற்களை அன்றைக்கு மட்டும் விலக்கி வைப்போம். மாணவர் எழுதும்போது ஆசிரியரும் கரும்பலகையில் எழுத வேண்டும். எழுதியதை அழிக்கவும் வேண்டும். ஆசிரியர் ஒரு சொல்லுக்காகத் தடுமாறுவதைக் காணும் பிள்ளைக்குத் தன் தடுமாற்றம் வெட்கமாகத் தோன்றாது. உரையாடல் வரும் இடத்தில் வீட்டுப் பேச்சு அப்படியே வரலாம்.

அப்படியாயின் பிழையோடு எழுதவிடுவதா என்று பெரியோர் வினவுவர். வினா நியாயமானதே. முதற்படியைப் படித்தவுடன் திருத்தற்க என்பதுதான் கருத்து. திருத்தவே வேண்டா என்பதன்று. இரண்டாம் படியில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தான் சொல்ல விரும்பிய ஒன்றைப் பிறர் தவறாகப் படித்துவிடக் கூடாது என்னும் கவலை வந்த பிள்ளை, ‘ஒழுக்கு’ என்பதற்கு எந்த எழுத்து வரும் என்று தானே கேட்பான். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் நாள்தோறும் எல்லா ஏடுகளையும் படிப்பது இயலாது. நாளுக்கு ஐந்து ஏடுகள் போதும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உண்மையை எழுதத் தொடங்கும் பிள்ளை வீட்டு வறுமையையும் எழுதுவான், பெற்றோர் பூசலையும் எழுதுவான். அவன் இசைவின்றி அதனை வகுப்பில் படித்துக் காட்டலாகாது. அந்த மாணவனின் அரைப் பக்கத்தைப் பாராட்டும் எண்ணத்தோடு உரக்கப் படித்திருந்தாலும், பிறர் சிரித்திருக்கக்கூடும்.

மாணவர் இசைவோடு தேர்ந்தவற்றை அவர்களே படியெடுத்து, படம் வரைந்து, கையெழுத்து இதழாகத் தைக்கலாம். இதற்கு மதிப்பெண் கூடாது. ஆண்டு முடிவில் அதனைப் பள்ளி நூலகப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுத்துவிட்டால், அடுத்த சூன் மாதம் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முதற்பாடமாக அதனையே படிக்கக் கொடுக்கலாம்.