வளைகுடாவுக்குப் போகும் ஆசிரியர் சான்றிதழ்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?

பி.எட். பட்டம் காலாவதி ஆவதில்லை. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் தேர்ச்சிக்கு இருந்த ஏழாண்டுக் கெடுவையும் 2021இல் நீக்கி ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்துவிட்டார்கள். 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் அது பொருந்தும். இருந்தும், துபாயிலோ மஸ்கட்டிலோ பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பும் ஆசிரியர்கள் வேலை கேட்கும்போது திண்டாடுகிறார்கள். படிப்பு இருக்கும், அனுபவம் இருக்கும், அதைக் காட்டும் தாள் இருக்காது.

கிளம்புவதற்கு முன் பெயரைச் சரிபாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணங்களில் கணவர் பெயர் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு மூன்று விதமாக இருப்பது சாதாரணம். வெளிநாட்டு அலுவலகத்துக்கு இனிஷியல் வழக்கமே தெரியாது. மூவரும் ஒருவரா என்று கேட்பார்கள். ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரம் சில இடங்களில் போதும். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் வெளியீடு வேண்டும். அங்கே போனபிறகு இதைச் செய்வது பெரும்பாடு.

அடுத்து அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம். அமீரகத்துக்கு என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழ வேண்டும். ஓமன், பஹ்ரைனுக்கு வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கர் போதும், தூதரக முத்திரை வேண்டாம்; சவூதியும் 2022 டிசம்பரிலிருந்து அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. முத்திரையும் ஸ்டிக்கரும் அசல் பட்டத்தின் பின்பக்கத்தில்தான் விழும். ஆகவே தயவுசெய்து பட்டத்தை லேமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று ஆசையாகச் செய்வது, பிளாஸ்டிக்கைப் பிரிக்கும்போது கையெழுத்தோடு உரிந்து வந்துவிடும்.

உண்மைத்தன்மைச் சான்றுக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கியது 2008இல். அதற்கு முன் பி.எட். முடித்தவர்கள் பட்டம் தந்த பழைய பல்கலைக்கழகத்தில்தான் கேட்க வேண்டும்.

வேலையில் சேர்ந்தபின் ஆண்டுதோறும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களைப் பள்ளி மின்னஞ்சலில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேலையை விட்ட மறுநாளே அந்தக் கணக்கு மூடப்படலாம். சொந்த மின்னஞ்சலிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டுவையுங்கள்.

என் கணக்கில் அனுபவச் சான்றுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவதும் இதில்தான். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற இரண்டு வரிக் கடிதத்தால் ஊரில் எந்தப் பலனும் இல்லை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்திய வகுப்புகள், பாடம், முழுநேரப் பணி என்ற குறிப்பு, பள்ளியின் பாடத்திட்டம், இணைப்பு எண், முதல்வரின் கையெழுத்து, முத்திரை அத்தனையும் வேண்டும். நீங்களே ஒரு வரைவு எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். அவர்களுக்கும் அது உதவிதான். முதல்வர் மாறும்போதெல்லாம் அதுவரைக்குமான பணிச் சான்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விசாவை ரத்து செய்யும் முன்பே அந்நாட்டுக் கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், இந்தியத் தூதரகம் ஆகியவற்றில் சான்றொப்பம் பெற்றுவிடுங்கள். ஊரிலிருந்துகொண்டு இதை ஆள் வைத்துச் செய்தால் செலவும் அலைச்சலும் பல மடங்கு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடியும் என்பதால் வெளிநாட்டில் இருப்பது தடையல்ல; கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தால் போதும்.

டெட் எழுதாமலே போனவர்கள் விடுமுறையில் வரும்போது எழுதிவிடுவது நல்லது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்த அது கட்டாயம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழக அரசுப் பள்ளி நோக்கம் என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் டெட், கேந்திரிய வித்யாலயா என்றால் மத்திய அளவிலான தகுதித் தேர்வான சிடெட். எந்தப் பக்கம் போவது என்று முடிவாகவில்லையென்றால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பாடப்பகுதி பெரும்பாலும் ஒன்றுதான்.