ஹேங் ஆகும் லேப்டாப்பும் குற்றாலச் சாரலும்

தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு லேப்டாப் நுழையத் தொடங்கியது 2011-ல். மத்தளம்பாறையில் ஸோகோ அலுவலகம் வந்தது அந்த ஆண்டுதான். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். மெஷினோடு சேர்ந்து அதைப் பற்றிய நம்பிக்கைகளும் குடியேறின. சொல்லாமல் கொள்ளாமல் அப்படியே உறைந்து நிற்கும் லேப்டாப்பைப் பற்றி இங்கே புழங்கும் சிலவற்றைப் பார்ப்போம்.

"சாரல் நேரம்லா, ஈரம் ஏறியிருக்கும்"

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் எது கெட்டாலும் பழி சாரலுக்குத்தான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஈரம் அதிகம் என்பது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருக்கும். சூடான பரப்பில் நீர் படியாது. குளிர்ந்த பரப்பில்தான் படியும். ஏசி பஸ்ஸில் இரவெல்லாம் குளிர்ந்த லேப்டாப்பை இறங்கியதும் திறந்து ஆன் செய்கிறோமே, அதுதான் வம்பு. பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் விட்டுவைத்தால் போதும். ஐந்தருவியில் பையோடு நனைந்துவிட்டது என்றால் அது வேறு கேஸ்: உடனே அணைத்து, பிரித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

ஈரத்தின் கெடுதல் மெதுவானது. வருஷக்கணக்கில் ரேமின் தொடுமுனைகளில் மங்கல் படியும். கடையில் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டியதும் சில மெஷின்கள் பிழைத்துக்கொள்வது இதனால்தான். பல நேரம் தேய்த்ததைவிட, கழற்றித் திரும்ப மாட்டியதே வேலை செய்திருக்கும். ரப்பர் அந்த மெல்லிய தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும் என்பதால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மேல். மெல்லிசான புது லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வைத்தியமே கிடையாது.

"சூடுதான் காரணம்"

சில சமயம் ஆம். பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். ஆகவே சூட்டின் அடையாளம் பெரும்பாலும் ஊர்வது அல்லது அணைவது. குளிர்ந்த காலையில், ஒன்றும் செய்யாமல் சும்மா திறந்திருக்கும்போது உறைகிறது என்றால் விசிறியைத் திட்டிப் பயனில்லை. காற்றடிக் காலத்தில் உள்ளே தூசு அடைவது நிஜம், துடைத்துக்கொள்ளுங்கள்.

"கரண்ட் ஏறி இறங்குது"

லேப்டாப் அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். இடையில் பேட்டரியும் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறைவது நின்றால் அடாப்டரைப் பார்க்கலாம்.

ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷை நாலு தடவை அமுக்கினால் ரேம் காலியாகும் என்ற நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை: டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்களை அது மறுபடி வரைகிறது. ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்"

இருப்பதிலேயே செலவு வைக்கும் நம்பிக்கை இதுதான். கொஞ்ச நாளைக்கு உண்மைபோலவும் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதி பழுதானால் டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். மவுஸ் அம்பு நகரும், எதைத் தொட்டாலும் பதில் வராது. ஃபார்மட் அடித்து ஓ.எஸ். போடும்போது பழுதான இடத்தின் மேல் புதிதாக எழுத நேர்ந்தால், டிஸ்க் சத்தமில்லாமல் அதை ஒதுக்கிவிட்டு உபரி இடத்தைக் கொடுத்துவிடும். ஓடும். சில வாரத்தில் பக்கத்துப் பகுதி போகும். மறுபடி ஃபார்மட், மறுபடி கூலி. காரணம் பதிவாகியிருந்த ஈவென்ட் வியூவரும் ஒவ்வொரு தடவையும் துடைக்கப்பட்டுவிடும்.

அதனால் பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கும் முன் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. முதல் சந்தேகம் டிஸ்க். மாறவே இல்லையென்றால் ரேம், டிரைவர், போர்டு என்று தேட வேண்டும். பாட்டு ஓடுகிறது, படம் மட்டும் நிற்கிறது என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். திரை மீண்டால் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் ஆள்.

டிஸ்க்கைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மஞ்சளாக எச்சரித்தால் முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். செக் டிஸ்க் ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. ரேமுக்கு மெம்டெஸ்ட் 86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடலாம், ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது. ஈவென்ட் வியூவரில் சிவப்பாகத் தெரியும் 'கெர்னல் பவர் 41'-ஐக் காட்டி பவர் சப்ளை போச்சு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தது நீங்கள்தானே. அதற்குச் சற்று முந்தைய நேரத்தில் டிஸ்க் பற்றியோ 'வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரிலோ பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

"லினக்ஸ் போட்டால் ஹேங்கே ஆகாது"

நானும் லினக்ஸ் ஆதரவாளன்தான், இருந்தாலும் இதை ஏற்க முடியாது. 2013-க்குப் பின் விலை மலிவான லேப்டாப்களில் வந்த இன்டெல் 'பே டிரெய்ல்' வகை செலரான், பென்டியம் சிப்கள் லினக்ஸில் அடிக்கடி உறைந்தது ஊரறிந்த சங்கதி. சும்மா இருக்கும்போது சிப் ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போய்த் திரும்பாததே கோளாறு. துவக்க அமைப்பில் அந்த உறக்கத்தை முதல் படியோடு நிறுத்தி வைப்பது பலருக்குக் கைகொடுத்தது. பேட்டரி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.