வெறுங் காணியில் குடியேறும் வெள்ளைப் பூ

பல ஆண்டுகள் இடம்பெயர்ந்து வாழ்ந்த பின் சொந்தக் காணியைப் பார்க்கப் போகிறோம். வீட்டுச் சுவர் இடிந்து கிடக்கிறது, கிணறு தூர்ந்துவிட்டது. தோட்டத்தில் மட்டும் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைச் செடியும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களும். பார்க்க அழகுதான். ஆனால் அது பார்த்தீனியம். அதை அறியாமல் உழத் தொடங்கினால் முதற் போகத்திலேயே நட்டப்படுவோம்.

இது எங்கிருந்து வந்தது?

சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. சொந்த இடம் மெக்சிக்கோ குடாவைச் சூழ்ந்த நாடுகள். இந்தியாவில் 1950களில் புனே நகரில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையுடன் வந்ததாகக் கருதப்படுகிறது. 1987இல் இந்திய அமைதிப் படையினர் கொண்டுவந்த ஆடுகளுடனும் பொருட்களுடனும் நமது வடபகுதிக்கு வந்தது என்பது பரவலான கருத்து. 1999இல் வவுனியாவில் இது இருப்பது பதிவாகியது.

இனங்காண்பது எப்படி?

இளஞ்செடி தரையோடு ஒட்டிப் படரும். இலை கரட் இலை போலவும் செவ்வந்தி இலை போலவும் வெட்டுப்பட்டிருக்கும். பின்னர் நீளக் கோடுகளுள்ள தண்டு எழுந்து, பல கிளைகளாகப் பிரியும். பூ மிகச் சிறியது; வெள்ளை நிறம்; ஐந்து மூலை உடையது. மூலைக்கு ஒன்றாக ஒரு பூவில் ஐந்து விதைகள் உண்டாகும்.

அதன் பலமும் பலவீனமும்

முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000க்கு மேற்பட்ட விதைகளைத் தரும். விதைகள் காற்றிலும் வெள்ளத்திலும் உழவு இயந்திரச் சில்லிலும் மாட்டின் குளம்பிலும் போகும். ஈரம் கிடைத்தால் எந்த மாதத்திலும் முளைக்கும். ஆழத்தில் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். உழும்போது மேலே வந்து முளைக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வரட்சியையும் தாங்கும். வேரிலும் இலையிலும் உள்ள நச்சுப்பொருள் அயலிலுள்ள பயிர் முளைப்பதைக் கெடுக்கும்.

ஆனால் இதற்கு வெயிலும் வெறும் நிலமும் வேண்டும். நிழலிலும் அடர்ந்த புல்லிலும் இதனால் ஓங்கி வளர முடியாது. நாம் விட்டுப் போன காணியும் புதிதாகக் கிளறிய தெருவோரமும் இதற்கு வாய்ப்பானது அதனாலேயே. ஆகவே பிடுங்குவது பாதி வேலை. நிலத்தை மூடுவது மறுபாதி.

மனிதருக்கும் மாட்டுக்கும்

தொடர்ந்து தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துக் கடிக்கும். மகரந்தத்தால் தும்மலும் ஆஸ்துமாவும் வரலாம். மாடு தின்றால் வாய் புண்ணாகும், பால் கசக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. காணியில் இறங்கமுன், அங்கு மிதிவெடி அகற்றப்பட்டுவிட்டதா என்பதை உரிய அதிகாரிகளிடம் கேட்டு உறுதிப்படுத்துவோம். களையைப் பிறகும் பிடுங்கலாம்.

2. பூக்கமுன் பிடுங்குவோம். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். மேலால் வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

3. கையுறை இல்லாவிட்டால் கைகளில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொள்வோம். நீண்ட கைச் சட்டை போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடுவோம். வேலை முடிந்ததும் குளிப்போம். சிறுவரையும் ஆஸ்துமா உள்ளவரையும் இதற்கு அனுப்பக்கூடாது.

4. பூக்காத செடியைக் கூட்டெருவுக்குப் போடலாம். பூத்ததைப் போடக்கூடாது. அதை விதை கொட்டாதபடி சாக்கில் கட்டி, ஓரிடத்தில் காயவைத்து எரிப்போம். புகை படாமல் விலகி நிற்போம்.

5. பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடக்கூடாது. சணல், கௌபி, பயறு ஆகியவற்றை நெருக்கமாக விதைப்போம். பயிரிட முடியாத ஓரங்களில் தகரையை வளரவிடுவோம்; அது பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும்.

6. வேறிடத்திலிருந்து எரு, வைக்கோல், மணல், நாற்று கொண்டுவந்தால் அவற்றைக் கொட்டிய இடத்தை அடுத்த சில வாரங்கள் கவனிப்போம். வாடகை உழவு இயந்திரத்தின் சில்லையும் கலப்பையையும் காணிக்குள் விடமுன் கழுவச் சொல்வோம்.

ஒரு தடவை பிடுங்கியதும் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. மண்ணில் கிடக்கும் விதைகள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை காணியைச் சுற்றிப் பார்த்தால் பூக்கமுன் பிடித்துவிடலாம். வருடாவருடம் தொகை குறைந்துவரும். பக்கத்துக் காணி உரிமையாளர் இன்னும் திரும்பவில்லையென்றால், அவருக்கு அறிவித்து எல்லையோரத்தையும் துப்புரவாக்குவோம். அதிகமாகப் பரவிய இடங்களில் விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுவோம்.

இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருக்கும் குடும்பங்களும் முற்றத்தில் இச்செடியைக் கண்டால் விட்டுவைக்க வேண்டாம். ஊருக்குத் திரும்பும் நாளில் சாமான் மூட்டையோடு அதன் விதையும் வராமல் இருக்கட்டும்.

கலந்துரையாடுவதற்கு

• நமது கிராமத்தில் பார்த்தீனியம் எந்தெந்த இடங்களில் நிற்கிறது? எப்போது பூக்கிறது?

• அடுத்த மழைக்குப் பின் எந்த நாளில் எல்லோரும் சேர்ந்து பிடுங்கலாம்? பிடுங்கிய இடத்தில் எதை விதைக்கலாம்? விதைக்கு யாரைக் கேட்கலாம்?